பழைய ரோடு பைக், புதிதாகத் திரும்பும் உடம்பு

பல வருடம் சைக்கிள் பக்கமே போகாதவர் மறுபடி ஆரம்பிக்கும்போது புது ரோடு பைக், அதாவது ஹேண்டில் கீழே வளைந்த, மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள், வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி. நாலு மாதம் கழித்தும் விடியற்காலையில் எழுந்து கிளம்புவோமா என்பது நமக்கே தெரியாது. எந்த அளவு ஃபிரேம் ஒத்துவரும், எவ்வளவு குனிய முடியும், மேடு வந்தால் மூச்சு எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஓட்டிய பிறகுதான் தெரியவரும். புது சைக்கிளின் விலை கடை வாசலைத் தாண்டியதுமே இறங்க ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே இறங்கி முடித்ததை வாங்கினால், ஒத்துவராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லாமல் கைமாற்றிவிடலாம். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஓட்ட முடியாமல் விட்டதுதான் இந்தச் சந்தையில் அதிகம் வருகிற சரக்கு. அவர்களுடைய கைவிட்ட உறுதிமொழிகள் நமக்கு லாபம்.

பழைய சைக்கிள் வாங்குவது பற்றி யாரிடம் கேட்டாலும் செயினைப் பார், ஃபிரேமில் விரிசலைப் பார் என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு வருகிறேன். திரும்பி வருகிறவருக்கு அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: தன் உடம்பை அளப்பது. கல்லூரிக் காலத்தில் ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போன ஞாபகம் மனதில் அப்படியே இருக்கும். இடுப்பும் பின்தொடைத் தசையும் அதையெல்லாம் எப்போதோ மறந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே வருடங்கள் போன பிறகு, முழங்கால் மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முயன்றால் உண்மை தெரிந்துவிடும். எனக்குக் கை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. பந்தயத்துக்கென்று வடிவமைத்த, ஹேண்டில் தாழ்ந்த சைக்கிள்களை அன்றோடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

கால் அளவு எடுப்பது எளிது. செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் சீட்டில் உட்கார்ந்த மாதிரி அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு புழங்குகிற கணக்கு இது. கால் அளவு 80 செ.மீ. என்றால் சீட் உயரம் 70.6 செ.மீ. கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான்.

இந்த எண் கையில் இருந்தால் வீட்டிலிருந்தே பாதிச் சைக்கிள்களைக் கழித்துவிடலாம். விற்பவரிடம் இரண்டே கேள்வி: உங்கள் உயரம் என்ன, சீட் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது? கூடவே நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு படம். ஃபிரேமின் மேல் ஒட்டியிருக்கும் 52, 54 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கம்பெனியின் 54-உம் இன்னொன்றின் 54-உம் ஒன்றாக இருப்பதில்லை. மாடலும் வருடமும் தெரிந்தால், அதன் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளையும் தேடிப் பார்ப்பது நல்லது. கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில் ஏறும் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். முதுகு கடினமாகிப்போனவர்களுக்கு ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் இருப்பது நிம்மதி. நீண்ட தூர ஓட்டத்துக்கென்று எண்டியூரன்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட மாடல்கள் பெரும்பாலும் இந்த வகை. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நான் சிறியதைத்தான் எடுப்பேன். சிறியதை ஓரளவு பெரிதாக்கிக்கொள்ளலாம், பெரியதைச் சிறிதாக்க வழியில்லை.

படத்தில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்முக்குக் கீழே வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் பந்தய சைக்கிள் மாதிரித் தெரிய வேண்டுமென்று வளையங்களைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்தண்டையும் அறுத்திருக்கலாம். அறுத்த தண்டை ஒட்டவைக்க முடியாது, ஹேண்டிலை உயர்த்தும் வாய்ப்பு அதோடு போயிற்று. தண்டு அறுபடாமல் இருந்தால் வளையங்களை ஸ்டெம்முக்குக் கீழே போட்டு உயர்த்தலாம். ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பியும் போடலாம்: 6 டிகிரி சாய்வுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைத் திருப்பினால் ஹேண்டில் சுமார் 2 செ.மீ. மேலே வரும். காசு செலவில்லாத 2 செ.மீ. கழுத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு மணி நேரம் ஓட்டினால் புரியும்.

உடம்பு சார்ந்த அடுத்த விஷயம் கியர். இங்கேதான் பழைய விளம்பரங்கள் ஆளைக் கவிழ்க்கும். 'ஒரிஜினல் ரேஸ் கிராங்க்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். முன்னால் 53, 39 பல் சக்கரங்கள், பின்னால் 12 முதல் 25 பல் வரை கேசட், அதாவது பின் சக்கரத்துப் பல் சக்கரக் கொத்து. மிக லேசான கியர் 39-க்கு 25. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 1.56 சுற்று சுற்றும். ரோடு பைக்கில் வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமென்றால் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டில் ஏற வேண்டும். காம்பாக்ட் என்று சொல்லப்படும் 50, 34 கிராங்கும் பின்னால் 32 பல்லும் இருந்தால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் போதும். செங்குத்தான மேட்டில் இந்த 4 கிலோமீட்டர் வித்தியாசம்தான் ஏறிப்போவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் நடுவில் இருக்கிறது. முழங்கால் வலியோடு திரும்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

'அதனால் என்ன, பின்னால் பெரிய கேசட் மாட்டிக்கொள்ளலாமே' என்று தோன்றும். டீரெய்லரில், அதாவது செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் கருவியில், கீழே தொங்கும் கூண்டின் நீளத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குட்டைக் கூண்டு உள்ள பழைய ரோடு டீரெய்லர்கள் பலவற்றுக்கு 28 பல்லுக்கு மேல் அனுமதியில்லை. நீளக் கூண்டாக இருந்தால் 32, சிலவற்றில் 34 வரை போகும். கிராங்க், கேசட், டீரெய்லர், செயின் என்று நாலையும் மாற்றினால், மலிவாக வாங்கிய சைக்கிள் மலிவாக இருக்காது.

சைக்கிள் கியர் செய்யும் ஷிமானோ கம்பெனியின் வரிசை தெரிந்திருந்தால் விளம்பரம் படிப்பது சுலபம். கீழிருந்து கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. பழைய சந்தையில் கண்ணில் படுபவற்றில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 கியர், சோரா 9, டியாக்ரா பெரும்பாலும் 10. 105-இல் வருடத்தைப் பொறுத்து 10 அல்லது 11. திரும்பி வருகிறவருக்கு இந்த எண்ணிக்கையை விட, ஹேண்டிலில் பிரேக்கும் கியரும் சேர்ந்திருக்கும் லீவரின் தலைமுறை முக்கியம். மிகப் பழைய தொடக்கநிலை லீவர்களில் கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கீழ் வளைவைப் பிடித்திருக்கும்போது அது கைக்கு எட்டாது. அதற்கடுத்து, இரண்டு நெம்புகோல் இருந்தும் கியர் கேபிள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு போகும் மாடல்கள். 2016, 2017 வாக்கில் வந்த ஆர்3000 சோராவிலும் ஆர்2000 கிளாரிஸிலும் கேபிள் ஹேண்டில் டேப்புக்குள் போய்விட்டது, பிடியும் கைக்கு அடக்கமாக ஆனது. படத்தில் கேபிள் வெளியே தெரிகிறதா இல்லையா என்பதை வைத்தே வண்டியின் வயதை ஓரளவு கணிக்கலாம். 'ரெண்டு வருஷ வண்டி' என்று சொல்பவரிடம் கேபிள் வேறு கதை சொல்லும்.

நேரில் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு அளவுநாடா, ஆலன் சாவிகள், பழைய துணி, இவ்வளவு போதும். முதலில் சைக்கிளைத் துடைத்துவிடுங்கள். அழுக்குதான் விரிசலின் நல்ல நண்பன்.

அலுமினிய ஃபிரேமில் நான் முதலில் பார்ப்பது ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேருமிடம். முன்பக்கமாக எதிலாவது மோதியிருந்தால் அந்த மூட்டுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடியில், ஒரு மெல்லிய புடைப்போ சுருக்கமோ இருக்கும். கண்ணை விட விரல் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். பிறகு வெல்டிங் ஓரங்கள், கிராங்க் பக்கம், சீட் குழாயின் மேல் வாய். பெயிண்டில் மயிரிழையாக ஒரு கோடு தெரிந்து, அது வெல்டிங் ஓரமாகவே ஓடினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கார்பன் ஃபோர்க் என்றால் முன் சக்கரத்தைக் கழற்றி, கால்களின் உட்புறத்தையும் மேலே சேருமிடத்தையும் பார்க்க வேண்டும். விற்பவர் சக்கரத்தைக் கழற்றச் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்.

விழுந்த சைக்கிளுக்குச் சில அடையாளங்கள் உண்டு. லீவர் முனை, பெடல் முனை, சீட்டின் ஓரம் மூன்றிலும் ஒரே பக்கம் சிராய்ப்பு இருந்தால் அது ஓடும்போது விழுந்தது. நிறுத்திவைத்த இடத்தில் சாய்ந்திருந்தால் இவ்வளவு அழகாக மூன்று இடத்திலும் படாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹாங்கர் வளைந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் டீரெய்லர் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்து தெரியும். ஹாங்கர் வளைவதற்கென்றே செய்த மென்மையான துண்டு, விலை குறைவு, ஆனால் மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சீட் கம்பியை அவசியம் தளர்த்தி, மேலும் கீழும் நகர்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் நின்றால் கம்பி குழாய்க்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வியர்வையும் மழைநீரும் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். நான் பார்க்கப்போன ஒரு சைக்கிள் மற்ற எல்லா வகையிலும் பிரமாதம். பெயிண்ட் பளபளக்கிறது, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. சீட் கம்பி மட்டும் அசையவில்லை. 'எண்ணெய் விட்டா வந்துடும் சார்' என்றார் விற்பவர். வந்துவிடும் என்றால் அவரே விட்டிருக்கலாமே. என் கால் அளவுக்குச் சீட் 3 செ.மீ. இறங்க வேண்டியிருந்தது, அதனால் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து ஆட்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால், ஹேண்டில் குழாய்ப் பேரிங்கில் டொக் டொக் என்று தெரியும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் வந்து ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் பேரிங் போய்விட்டது. கிராங்கைப் பக்கவாட்டில் இழுத்து ஆட்டிப் பாருங்கள். இவையெல்லாம் மாற்றக்கூடியவைதான். பயப்பட வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தில் கவனம் தேவை. ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக் கட்டை உரசுகிற அலுமினியச் சுவர் தேய்ந்துகொண்டே வரும். பல ரிம்களில் இதற்கென்று ஒரு கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. விரல் நுனியால் தடவும்போது சுவர் உட்குழிந்து தெரிந்தாலும் அதே பொருள். லேசான பெண்டு இருந்தால் எடுத்துவிடலாம். ரிம் தேய்ந்திருந்தால் சக்கரமே மாற வேண்டும், மலிவு சைக்கிளில் அது பெரிய செலவு.

செயினுக்கு அளவுநாடா போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால் புதிய செயினில் சரியாக இன்னொரு பின்னின் நடுவில் முடியும், அதாவது 304.8 மி.மீ. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயின் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புது செயினை மட்டும் மாட்டினால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். விலை பேசும்போது இரண்டையும் கணக்கில் சேருங்கள்.

இனி, விற்பவர்கள் எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்: 'அதிகம் ஓட்டவே இல்லை, சும்மாதான் நிக்குது.' இதைக் கேட்டால் வாங்குபவர் முகம் மலர்ந்துவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா நிற்கிற சைக்கிளில் டயர் ரப்பர் காய்ந்து பக்கச் சுவரில் வெடிப்பு விடும். பிரேக் கட்டை கல்லாகும். கேபிள் உறைக்குள் துரு ஏறும். கியர் லீவருக்குள் இருக்கும் கிரீஸ் இறுகிப்போய், நெம்பினால் பிடிப்பே இல்லாமல் சும்மா போய்வரும். வாராவாரம் ஓட்டி, செயின் மாற்றி, எதை எப்போது மாற்றினேன் என்று சொல்லக்கூடிய ஒருவரின் சைக்கிள் கீறலோடு இருந்தாலும் எனக்கு அதுவே மேல். லீவர் இறுகியிருந்தால் ஸ்பிரே அடித்துப் பழைய கிரீஸைக் கரைத்து மீட்டுவிடலாம், பல தடவை மீளும். மீளாவிட்டால் லீவர்தான் சைக்கிளிலேயே விலை கூடிய உதிரிகளில் ஒன்று. அதனால் சும்மா நின்ற சைக்கிளை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஓட்டாததற்காகக் கூடுதல் விலை தரக் கூடாது என்கிறேன்.

கேபிள் பற்றி இன்னும் ஒன்று. ஹேண்டில் டேப்புக்குள் கேபிள் போகும் லீவர்களில், கியர் கேபிள் லீவருக்குள்ளேயே நூல் நூலாகப் பிரிந்து ஒருநாள் அறுந்துவிடும். அறுந்த முனை உள்ளே மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரிய தலைவலி. கியர் மாறுவதில் திடீரென்று தடுமாற்றம் வந்தால் டீரெய்லரைத் திருகிக்கொண்டிருக்காமல் முதலில் கேபிள் தலையைப் பாருங்கள். வாங்கியதும் கேபிள்களை மொத்தமாக மாற்றிவிடுவது என் பழக்கம். அவ்வளவு சின்னச் செலவில் சைக்கிள் அவ்வளவு புதிதாகத் தெரிவது வேறெதிலும் இல்லை.

சைக்கிளைக் கவிழ்த்தால் கிராங்க் அச்சுக்கு அடியில் வரிசை எண் பொறித்திருக்கும். அது ராவப்பட்டிருந்தாலோ, பில்லும் இல்லை எங்கே வாங்கியது என்ற கதையும் இல்லை என்றாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். திருட்டு சைக்கிள் எந்த விலைக்கும் மலிவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது வட்டமடித்து வந்துவிடக் கூடாது. எல்லாக் கியரையும் மாற்றுங்கள், ஒரு சின்ன மேட்டில் எழுந்து நின்று மிதியுங்கள், பிறகு வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நின்று மிதிக்கும்போது மட்டும் வருகிற சத்தங்கள்தான் விலை பேசத் தகுந்தவை.

இப்படியெல்லாம் அலைந்து நான் எடுத்தது ஒரு அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 9 கியர் சோரா, 50/34 கிராங்க், பின்னால் 11-28. வாராவாரம் ஓட்டிய ஒருவருடையது. மேல் குழாயில் பெயிண்ட் உரிந்திருந்தது, ஹேண்டில் டேப் பார்க்கச் சகிக்காது, தண்டு அறுபடவில்லை. செயின், கேசட், கேபிள், பிரேக் கட்டை, டயர் அத்தனையும் மாற்றினேன். சைக்கிள் வாங்க ஒதுக்கும் பணத்தில் கால் பங்கையாவது இதற்கென்று தனியாக வைத்துவிட வேண்டும். கையிருப்பு முழுவதையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டால் காய்ந்த டயரில்தான் ஓட்ட வேண்டிவரும்.

டயர் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. நான் முன்பு ஓட்டிய காலத்தில் 23 மி.மீ. டயரைக் கல் மாதிரி காற்றடித்து ஓட்டுவதுதான் வேகம் என்றார்கள். இப்போது பந்தயக்காரர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கரடான ரோட்டில் அகல டயர், குறைந்த காற்று என்றால் உடம்புக்கு இதம், வேகமும் குறைவதில்லை. ஆனால் பழைய ரிம் பிரேக் சைக்கிளில் பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இடம் இருக்க வேண்டும். பலவற்றில் 25 நிச்சயம் போகும், 28 சிலவற்றில் மட்டும். என்னுடையதில் 28 முன்னால் போனது, பின்னால் உரசியது. அதனால் முன்னால் 28, பின்னால் 25. பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆரம்ப வாரங்களில் வேகத்தை அளக்கவே இல்லை. பெரிய கியரைப் போட்டு அழுத்தி மிதிக்கும் பழைய பழக்கம் தொடையை விடாது. அதை மாற்றி லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 85 சுற்று என்று மிதிக்கப் பழகியதும் முழங்கால் முனகுவது நின்றது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனது; உள்ளங்கையின் வெளியோரமாகப் போகும் நரம்பு அழுந்துவதால் வருவது இது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் உடம்பு எடை முழுக்கக் கைக்கு வந்துகொண்டிருந்தது. மட்டம் வைத்து நேராக்கியதும் பெருமளவு சரியாகிவிட்டது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை போடுகிறவர்கள் உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, தையல் உரசிப் புண்ணான பிறகு எல்லோருக்கும் தெரிகிறது.

11 கியருக்கு மாற்றலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 8, 9, 10 கியருக்கான பழைய சக்கரத்தில் 11 கியர் ரோடு கேசட் பெரும்பாலும் உட்காராது, அதற்கு ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் உருளை) கொஞ்சம் அகலமாக வேண்டும். லீவர், டீரெய்லர், சக்கரம் என்று போகும் அந்தச் செலவில் இன்னொரு பழைய சைக்கிளே வாங்கலாம். இப்போதைக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. என் டீரெய்லர் நீளக் கூண்டு, 32 பல்லைத் தாராளமாகத் தாங்கும். அடுத்த முறை செயின் தேய்ந்ததும் கேசட்டையும் 11-32 ஆக மாற்றிவிடுவேன். இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிற ஒரு மேடு இருக்கிறது.